ஆறாவது வளையம்

பெரிய வளையத்தைச் சுற்றிச் சிறிய வளையங்கள் ஐந்து இருந்தன. பள்ளிப் பிள்ளையைப் போலத் திரையில் விரலை வைத்து இன்னொரு முறை எண்ணினேன். ஐந்துதான். ஆறு இருந்திருக்க வேண்டும்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வேண்டும் என்பதற்காகவே அந்த மரபணுத்தொகுதியைப் படிக்கக் கொடுத்திருந்தோம். வேறு நோக்கம் எதுவுமில்லை. எங்கள் ரைசோபியம் பாக்டீரியாவின் மரபணுக்கள் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே முழுமையாகப் படிக்கப்பட்டவை. அதன் ஒரு குரோமோசோமையும், பிளாஸ்மிட் எனப்படும் ஆறு சிறு மரபணு வளையங்களையும் டாக்டர் அரிஸ்மென்டி தம் அறைக்கதவில் சட்டமிட்டு மாட்டியிருந்தார். தெரிந்த முகத்தைப் புதிதாக ஒரு புகைப்படம் எடுப்பது போன்ற வேலை அது.

"ஹசிந்தோ, ஒரு வளையத்தைக் காணோம்" என்றேன்.

எங்கள் ஆய்வகத்தில் மரபணு வரிசைகளைக் கோத்துக் கொடுப்பவன் அவன்தான். நாற்காலியைத் திருப்பாமலேயே பதில் சொன்னான்.

"மென்பொருள் சில நேரம் சின்னதுங்கள முழுங்கிடும். பசியா இருந்திருக்கும்."

"ஆறாவதுடா."

அதற்குப் பிறகுதான் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அது சின்னது இல்லையே, நொயெமி. மூணே முக்கால் லட்சம் எழுத்து. அதை முழுங்கியிருந்தா இதுக்கு வயிறு வெடிச்சிருக்கணும்."

கோக்கப்படாத துண்டுகளில் தேடச் சொன்னேன். ஒரு பிளாஸ்மிட் கோப்பதில் விடுபட்டுப் போகலாம். ஆனால் அதன் துண்டுகள் எங்காவது சிதறிக் கிடந்தே தீரும். பத்து நிமிடம் அவன் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். பின்பு தட்டுவதை நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணுகூட இல்ல" என்றான். இம்முறை அவன் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

ஆறாவது வளையம் எதற்காக என்பதைச் சொல்லிவிட வேண்டும். பீன்ஸ் செடி காற்றிலிருக்கும் தழைச்சத்தைத் தானே எடுக்க முடியாது. ரைசோபியம் அதன் வேருக்குள் நுழைந்து, அங்கே ஒரு முடிச்சை உண்டாக்கி, உள்ளே அமர்ந்து அந்தச் சத்தைச் செடிக்கு ஊட்டுகிறது. வேரின் கதவைத் தட்டுவதற்கும், உள்ளே போய்ச் சமைப்பதற்கும் வேண்டிய மரபணுக்கள் அனைத்தும் இந்த ஒரே பிளாஸ்மிட்டில் இருக்கின்றன. அதை இழந்துவிட்டாலும் பாக்டீரியா சாகாது. மண்ணில் பிழைத்துக் கிடக்கும். ஒரு பெரிய சுமை குறைந்ததால் முன்னைவிட வேகமாகவும் பெருகும். செடிக்கு மட்டும் அதனால் எந்தப் பயனும் இராது.

முன்னைவிட வேகமாக. அந்தச் சொற்கள் என் மூளையில் விழுந்ததும் வளர்ப்புக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன்.

நான் இந்த ஆய்வகத்துக்கு வருமுன் ஐந்தாண்டுகள் குடல் பாக்டீரியாக்களோடு வாழ்ந்தவள். அடைகாப்புப் பெட்டியின் முன் நின்றால் என் கை தானாகவே முப்பத்தேழு டிகிரிக்குத் திருப்பும். ரைசோபியத்தை முப்பதில்தான் வளர்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், விவசாயிகளுக்குப் பாக்டீரியாப் பைகளை ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோது, சற்றுக் கூடுதல் சூட்டில் விரைவாக வளருமே என்று கணக்குப் போட்டு முப்பத்தேழிலேயே விட்டேன். முதல் வாரத்தில் வளர்ப்புத் தட்டிலிருந்த பெரும்பாலான பாக்டீரியாத் திட்டுகள் சோர்ந்து போயின. சில மட்டும் கொழுத்து, பளபளத்து நின்றன. நுண்ணுயிரியல் படித்த எவரும் செய்வதையே நானும் செய்தேன். தட்டிலேயே பெரிதாகவும் சுத்தமாகவும் இருந்த திட்டைத் தொட்டெடுத்து அடுத்த தட்டில் தேய்த்தேன். அதிலும் பெரியதைத் தேர்ந்தேன். இரண்டு மாதத்தில், ஆறு நாள் எடுத்துக்கொண்ட வளர்ப்பு நான்கு நாளில் முடிந்தது. டாக்டர் அரிஸ்மென்டி எல்லோர் முன்னிலையிலும் என் தோளைத் தட்டினார். ஆண்டுக்கொருமுறை வளர்ப்பைச் செடியில் ஏற்றி, முடிச்சு வருகிறதா என்று பார்த்துத் திரும்ப எடுப்பது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு ஆலங்கட்டி மழையில் பசுமைக்குடிலின் கூரை உடைந்திருந்தது. எண்ணிக்கை இவ்வளவு நன்றாக இருக்கும்போது சோதனை எதற்கு என்று நான் கேட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த வளர்ப்பைக் கரிமண்ணில் கலந்து அறுநூற்று நாற்பது பைகளில் அடைத்தோம். நான்கை மட்டும் மிச்சம் வைத்தோம்; மற்றவை சான் ஹெரோனிமோ கிராமத்துக்குப் போயின. மே மாதத்தில், உழவர்களின் புனிதரான சான் இசித்ரோவின் திருநாளன்று, விவசாயிகள் விதைக் கூடைகளோடு அந்தப் பைகளையும் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். நானும் அன்று அங்கே நின்று புகைப்படம் எடுத்தேன். என் பேச்சை நம்பி அந்த ஊர் அவ்வாண்டுக்கான உரத்தை வேண்டாமென்று சொல்லியிருந்தது. மழை ஜூன் எட்டாம் தேதி பிடித்தது. ஒன்பதாம் தேதி விதைத்தார்கள். நான் ஐந்து வளையங்களை எண்ணிக்கொண்டிருந்த நாள் ஜூன் இருபத்திரண்டு.

மாலைக்குள், மரபணுவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் சோதனையைச் செய்தேன். மிச்சம் வைத்திருந்த நான்கு பைகளிலும் ஆறாவது வளையத்தின் தடயம் இல்லை.

"பழைய குப்பி இருக்குல்ல? மைனஸ் எண்பதுல?" என்று ஹசிந்தோ கேட்டான்.

இருந்தது. உறைபெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு குப்பிகள் வெண்பனிக்குள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் மீதும் ஒரே கையெழுத்து. ஒரே தேதி. மார்ச்சில் உறைபெட்டியின் எந்திரம் தடுமாறியபோது, இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பழைய குப்பிகளையெல்லாம் வெளியே எடுத்து எறிந்துவிட்டு, புதிய வளர்ப்பிலிருந்து பன்னிரண்டு மட்டும் நிரப்பிவைத்தவர் ஒருவர். அந்தக் கையெழுத்து என்னுடையது.

பன்னிரண்டையும் சோதித்தேன். பன்னிரண்டிலும் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை டாக்டர் அரிஸ்மென்டியிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் மெல்ல எழுந்து போய்க் கதவில் மாட்டியிருந்த சட்டத்தின் முன் நின்றார்.

"வேற யார்கிட்டயாவது இந்த வகை இருக்கா, சார்?"

"கேட்டாங்க. ஆறு பேர் கேட்டாங்க. யாருக்கும் குடுக்கல." திரும்பாமலேயே பேசினார். "நம்மளோடதாவே இருக்கட்டும்னு நான்தான் குடுக்கல."

உலகத்தில் அந்தப் பிளாஸ்மிட் நாங்கள் வரைந்த படத்தில் இருந்தது. எழுத்து வரிசையாகக் கணினியில் இருந்தது. உயிரோடு எங்கும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வேறொரு வகையை வரவழைக்க அனுமதி கிடைப்பதற்குள் செடிகள் பூத்து முடிந்திருக்கும்.

"ஊர்ல சொல்லணும், சார்."

"கொஞ்சம் பொறுக்கலாமா? ஏதாவது ஒரு வழி..." என்று ஆரம்பித்தவர், தம் குரலைத் தாமே கேட்டதுபோல நிறுத்தினார். "போ. நீயே போய்ச் சொல்லு. நான் வந்தா உன் பின்னால ஒளிஞ்சுக்குவேன்."

இருபத்துநான்காம் தேதி சான் ஹெரோனிமோ விவசாயிகளின் நிலச்சபை கூடியது. தகரக் கூரைக் கொட்டகைக்குள் அறுபது பேர் இருந்திருப்பார்கள். சபைத் தலைவர் தோன் ஃபிடென்சியோ பெயர்ப்பட்டியலை வாசித்தார்; மரியாதைக்கு ஆணைத் தோன் என்றும் பெண்ணைத் தோஞா என்றும் அங்கே அழைப்பார்கள். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள். இறந்துபோன ஒருவரின் பெயருக்கு எல்லோருமாகச் சேர்ந்து "இருக்கார்" என்றார்கள். பிறகு தோன் ஃபிடென்சியோ தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பேசச் சொன்னார்.

"நான் குடுத்த பைகள்ல இருக்கற பாக்டீரியா வேலை செய்யாது" என்றேன்.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க, டாக்டரம்மா" என்றார் கடைசி வரிசையிலிருந்து ஒருவர்.

அதையே இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை சொன்னதைவிட அது கடினமாக இருந்தது.

"செத்துப்போச்சா?" என்றார் தோன் ஃபிடென்சியோ.

"சாகல. உயிரோட நல்லாத்தான் இருக்கு. வேலைதான் செய்யாது."

"என் மச்சான் மாதிரியா?"

சிலர் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொட்டகையின் பாதி தூரம் போய் அப்படியே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

"வேருக்குள்ள போறதுக்கான சாவி அந்தப் பூச்சிகிட்ட இருக்கும். அது தொலைஞ்சுபோச்சு."

"யார் தொலைச்சது?"

"நான்தான். ரொம்பச் சூட்டுல வளர்த்தேன். சாவி வெச்சிருந்ததெல்லாம் மெதுவா வளர்ந்துச்சு. சாவி இல்லாதது கொழுத்துச்சு. நான் கொழுத்ததா பாத்துப் பொறுக்கினேன்."

ஒரு முதியவர், மிகவும் மரியாதையாக, கையை உயர்த்திக் கேட்டார்: "ஆனா ஃபாதர் தீர்த்தம் தெளிச்சாரே?"

"அதுக்கு முன்னாடியே போயிடுச்சு, ஐயா."

"பாவம் ஃபாதர்" என்று ஓரத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "காலிப் பைக்கு அவ்வளவு தண்ணியக் கொட்டியிருக்காரு."

அது தோஞா கிரெசென்சியா. ஐம்பது வயதிருக்கும். தண்ணீர் முறை தொடர்பாகச் சபையோடு பகைத்துக்கொண்டு, இந்த ஆண்டு பை வாங்காத ஒரே நபர் அவர்தான். அதற்காக ஊர் அவரை நன்றாகவே கிண்டல் செய்திருந்தது.

தோன் ஃபிடென்சியோவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய பீன்ஸ் நிலத்துக்கு அவ்வளவா பயமில்ல" என்று மெதுவாகச் சொன்னார். "அந்த மண்ணுல ஏற்கெனவே ஏதோ கொஞ்சம் இருக்கும். கரும்பு நிலம்? அந்த ஆறு ஹெக்டேரு? முப்பது வருஷமா அங்க கரும்பத் தவிர ஒண்ணும் போட்டதில்ல. பதினோரு குடும்பம் போட்டிருக்கு. உரம் வேண்டாம்னு இவங்களத் தொப்பியத் தூக்கி ஓட்டுப் போடச் சொன்னது நான்."

"இப்ப உரம் வாங்க முடியாதா?" என்று கேட்டேன்.

"எங்க? கடையிலெல்லாம் விதைப்புக்கு முன்னாடியே தீந்துபோச்சு. எங்களுக்கு ஒதுக்கினத வேற ஊரு எடுத்துக்கிச்சு."

யாரும் என்னைத் திட்டவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பெண் மட்டும் எழுந்து வெளியே போனார். கரும்பு நிலத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருந்ததைப் பிறகு அறிந்தேன்.

சபை கலையாமல் அப்படியே நிலத்துக்கு நடந்தது. கரும்பு நிலத்தில் தோன் ஃபிடென்சியோ மண்டியிட்டு, ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வாய்க்காலில் அலசி என்னிடம் நீட்டினார். இலை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. விதையிலிருந்த சத்து தீரும்வரை அப்படித்தான் இருக்கும். வேர்கள் வெள்ளை நூலைப் போல வழவழப்பாகத் தொங்கின. ஒரு முடிச்சுகூட இல்லை. ஏழு இடங்களில் தோண்டினோம், ஏழிலும் நூல்தான்.

அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோதுதான், சென்ற ஆண்டுச் சோதனைப் பாத்தி எங்கே இருந்தது என்பது எனக்கு உறைத்தது. நான் முப்பத்தேழுக்குத் திருப்புவதற்கு முந்தைய வளர்ப்பை, நல்ல வளர்ப்பை, இந்த ஊரில் ஒரே ஒருவரின் நிலத்தில்தான் இட்டிருந்தோம்.

"தோஞா கிரெசென்சியா, உங்க நிலத்துல இந்த வருஷம் பீன்ஸ் போட்டிருக்கீங்களா?"

"போடாம? பை வாங்கலைன்னா பட்டினி கெடக்கணுமா?"

அவருடைய நிலம் ஓடைக்கு அப்பால் இருந்தது. இருபது வரிசைகள். நான் ஒரு செடியைப் பிடுங்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, விரல்களை மண்ணுக்குள் விட்டு, தாமே அதை மெல்லத் தூக்கினார். வேர் முழுவதும் கடுகு அளவில் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே ரத்தம்போல் சிவந்திருந்தது. வேலை செய்யும் முடிச்சுக்குத்தான் அந்த நிறம் வரும்.

எங்களிடம் அழிந்துபோன பொருள் அங்கே இருக்கலாம். ஹசிந்தோ வரிசையைப் படித்துச் சொல்ல இரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரம் காத்திருக்கச் செடிகளால் முடியாது.

"இந்த முடிச்சுங்களப் பறிச்சு, நசுக்கித் தண்ணியில கரைச்சு, அந்தச் செடிங்களோட அடியில ஊத்தலாம்" என்றேன். "பலிக்குமான்னு உறுதியா சொல்ல முடியாது."

"எவ்வளவு செடி வேணும்?"

"எட்டு வரிசை."

"இருக்கறதே இருபது வரிசை."

"தெரியும்."

தோஞா கிரெசென்சியா என்னை விட்டுவிட்டுத் தோன் ஃபிடென்சியோவின் பக்கம் திரும்பினார்.

"தண்ணி முறையில என்னைக் கடைசியா போட்டப்ப நான் வந்து கேட்டேன். என்ன சொன்ன?"

"ஞாபகமில்ல, கிரெசென்சியா."

"எனக்கு இருக்கு. 'ஓடைப் பக்கத்துல இருக்கறவளுக்கு என்ன தாகம்'னு கேட்ட."

அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினார். "கேட்டேன்" என்றார் கடைசியில். "கேட்டிருக்கக் கூடாது."

"கூடாது" என்றார் தோஞா கிரெசென்சியா. பிறகு பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். "நீங்க யாரும் புடுங்காதீங்க. வேரை அறுத்துத் தொலைப்பீங்க. நான் எடுத்துத் தரேன், அலசுங்க."

அன்று பிற்பகல் தூறல் இருந்தது. பதினோரு குடும்பங்களும் வாளிகளோடு வந்தன. மருந்து தெளிக்கும் முதுகுத் தொட்டிகளை நான் தொடவிடவில்லை; அவற்றில் ஒட்டியிருக்கும் களைக்கொல்லியே பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மக்காச்சோளம் அரைக்கும் கல்லில் முடிச்சுகளை நசுக்கி, வெல்லம் கலந்த நீரில் கரைத்து, வரிசையோரமாக நடந்தபடியே குவளைகளால் வார்த்தோம். இருட்டுவதற்குள் கிழக்குப் பாதி முடிந்தது.

மறுநாள் காலை மேற்குப் பாதியில் தொடங்கினோம். ஒன்பது மணிக்கு மேகம் விலகி வெயில் அடித்தது. முந்தைய நாள் கரைத்த நீர் தகரத் தொட்டிகளில் நின்றிருந்தது. தொட்டியின் விளிம்பைத் தொட்டேன், கை சுட்டது. அந்தச் சூட்டில் பாக்டீரியா பிழைக்காது; நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் அறுபது பேர் குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் குவளைகளை நிரப்பி நீட்டிக்கொண்டிருந்தன. அவர்களுடைய முகத்தில் முந்தைய நாள் இல்லாத ஏதோ ஒன்று வந்திருந்தது. மேகம் திரும்பிவிடும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பகல் ஒன்றுக்கு வேலை முடியும்வரை அது திரும்பவில்லை.

இருபது நாட்கள் கழித்து மறுபடியும் போனேன். செடிகளில் மொட்டு கண்டிருந்தது. தோண்டிப் பார்க்கும் அவசியமே ஏற்படவில்லை. நிலத்தின் நடுவே யாரோ கோடு கிழித்ததுபோல் கிழக்கு கரும்பச்சையாகவும் மேற்கு எலுமிச்சை மஞ்சளாகவும் கிடந்தன. நான் மேட்டிலிருந்து இறங்கவில்லை. எனக்கு முன்பே வந்துவிட்ட தோன் ஃபிடென்சியோ மஞ்சள் பக்கத்தில் நின்றிருந்தார்.

அந்நேரம் பார்த்துக் கைபேசி ஒலித்தது.

"ஆறு!" என்றான் ஹசிந்தோ. "தோஞாவோட முடிச்சுல ஆறு வளையம் இருக்கு, நொயெமி. எழுத்துக்கு எழுத்து நம்மளோடதேதான். அரிஸ்மென்டி சார் உக்காந்து அழுதுட்டிருக்காரு. கேக்குதா உனக்கு?"

கேட்டது. அழைப்பைத் துண்டித்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கினேன். காலடியில் இலைகள் காகிதம்போல் சரசரத்தன.

"என்ன சொல்றாங்க?" என்றார் தோன் ஃபிடென்சியோ.

"தொலைஞ்சது கெடைச்சிருச்சு. அவங்க நிலத்துல உயிரோட இருக்கு."

"நல்லது." அவர் நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். பிறகு மஞ்சளைச் சுட்டிக் கேட்டார்: "இப்ப கொண்டாந்து ஊத்தினா இந்தப் பக்கம் எழும்புமா?"

பொய் சொல்ல எனக்கு ஒரு கணம் இருந்தது. அதை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழும்பாது. மொட்டு விட்டாச்சு. அன்னிக்குக் காலையில வெயில் வந்தப்பவே நான் உங்கள நிறுத்தியிருக்கணும். தொட்டி சுட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சுது, சொல்லல."

அவர் முகத்தில் கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. சபையில் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இருந்த அதே திகைப்புதான் மெல்லத் திரும்பி வந்து அமர்ந்தது.

"மேற்கால அஞ்சு குடும்பம்" என்றார். "கிழக்கால ஆறு. ஒரே ஊரு, ஒரே மழை. இதை நான் எப்படிப் பங்கு போடறது, டாக்டரம்மா?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு கோட்டின் தென்முனைக்கு நடந்தார்.

"வாங்க. மஞ்சள் எந்த வரிசையில ஆரம்பிச்சு எந்த வரிசை வரைக்கும் போச்சுன்னு முதல்ல எண்ணிருவோம். சாயங்காலம் சபையில கேப்பாங்க. இந்தத் தடவையும் நீங்கதான் எந்திரிச்சு நின்னு சொல்லணும்."

அவர் ஒன்று என்றார். நான் இரண்டு என்றேன்.